பால்கன் போர்கள் 1912–13: விடுதலைப் போரா, நிலம் பிடித்த போரா?

பழையவரைபடம்:

முதல் உலகப் போர் பற்றிய போன வார இழையில் தெற்குவாசல் ஒரு வரி எழுதியிருந்தார்: "1912இல் பால்கன் மக்கள் ஒன்றுசேர்ந்து எழுந்து, ஐந்நூறு வருட உதுமானிய ஆட்சியை ஆறே வாரத்தில் விரட்டி விடுதலை பெற்றார்கள்." அங்கேயே பதில் போட்டால் இழை திசைமாறிவிடும் என்று தனியாகத் தொடங்குகிறேன்.

அந்த வரியில் ஆறு வாரம் என்பது ஏறக்குறைய சரி. மற்றது எனக்கு இடிக்கிறது. எழுந்தவை நான்கு அரசுகள்: பல்கேரியா, செர்பியா, கிரேக்கம், மாண்டிநீக்ரோ. நான்கும் அப்போதே சுதந்திர நாடுகள். கிரேக்கம் 1830இல், செர்பியாவும் மாண்டிநீக்ரோவும் 1878 பெர்லின் மாநாட்டில், பல்கேரியா 1908இல் முழு விடுதலை பெற்றுவிட்டன. 1912 அக்டோபரில் இவர்கள் படையோடு போனது, இஸ்தான்புல்லிலிருந்து ஆண்ட உதுமானியர் (உஸ்மானியர், அதாவது துருக்கியப் பேரரசு) கையில் மிச்சமிருந்த ஐரோப்பிய நிலத்துக்கு. மாசிடோனியா, திரேஸ், கொசோவோ, அல்பேனியா, எபிரஸ். அங்கே குடியிருந்தவர்களில் யாரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் நில அளவைத் துறையில் முப்பது வருடம் சங்கிலி இழுத்தவன். கோடு போடும் முன் அந்த நிலத்தில் நிற்பவனைக் கேட்க வேண்டும் என்பது எங்களுக்கு முதல் நாள் சொல்லித்தருவது. 1912 மார்ச்சில் செர்பியாவும் பல்கேரியாவும் செய்த ஒப்பந்தத்துக்கு ஒரு ரகசிய இணைப்பு உண்டு. ஷார் மலைக்கு வடக்கும் மேற்கும் செர்பியாவுக்கு. ரொடோப்பி மலைக்கும் ஸ்துருமா ஆற்றுக்கும் கிழக்கே பல்கேரியாவுக்கு. நடுவில் இருக்கும் மாசிடோனியாவில், கிரீவா பலாங்காவிலிருந்து ஓக்ரித் ஏரிவரை சாய்வாக ஒரு கோடு. கோட்டுக்கு வடமேற்கே வருவது தகராறு நிலம், அதற்கு ரஷ்யச் சக்கரவர்த்தி பஞ்சாயத்து. போருக்கு ஏழு மாதம் முன்பே பாகப்பிரிவினைப் பத்திரம் தயார். கிரேக்கத்தோடு மே மாதம் செய்த ஒப்பந்தத்திலோ யாருக்கு எது என்ற பேச்சே இல்லை. எவன் முதலில் போய் நிற்கிறானோ அவனுக்கு.

1913 ஜூன் 29 இரவு பல்கேரியப் படை தன் கூட்டாளிகளான செர்பியர் மேலும் கிரேக்கர் மேலும் பாய்ந்தது. அதுதான் இரண்டாம் பால்கன் போர். விடுதலைக்காகச் சேர்ந்தவர்கள் என்றால், சுல்தான் போன பிறகு எதற்காக ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள்?

தெற்குவாசல்:

ஐயா, தனி இழை தொடங்கியதற்கு நன்றி. "ஒன்றுசேர்ந்து எழுந்து" என்பது அவசரமாக எழுதியது, ஒப்புக்கொள்கிறேன். விடுதலை என்ற சொல்லை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நீங்கள் 1912 மார்ச்சில் தொடங்குகிறீர்கள். கதை 1876இல் தொடங்குகிறது. அந்த வருடம் பல்கேரியாவில் கிளர்ச்சி வந்தபோது பதாக் என்ற ஒரே ஊரில் ஆயிரக்கணக்கானவர்களை அரசின் கூலிப்படை கொன்று போட்டது. தேவாலயத்துக்குள் ஒளிந்தவர்களைக்கூட விடவில்லை. அடுத்த வருடம் ரஷ்யா போர் தொடுத்தது. 1878 மார்ச்சில் சான் ஸ்டெஃபானோ உடன்படிக்கை மாசிடோனியாவைப் பல்கேரியாவோடு சேர்த்துக் கொடுத்தது. நான்கே மாதத்தில் பெர்லினில் வல்லரசுகள் உட்கார்ந்து அதைப் பிடுங்கிச் சுல்தானிடம் திருப்பிக் கொடுத்தன. சிறையிலிருந்து வெளியே வந்தவனை வாசலிலேயே பிடித்து மறுபடி உள்ளே தள்ளியது மாதிரி. அங்கே மக்களைக் கேட்டார்களா?

அதற்குப் பிறகு அந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்? நல்ல நிலமெல்லாம் சிஃப்லிக் என்ற பெரும்பண்ணைகள். பண்ணைக்காரர்கள் பெரும்பாலும் முஸ்லிம் பெருந்தனக்காரர்கள், உழுதவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவ வாரக்குடிகள். விளைச்சலில் அரசு வரியைக் கழித்து, பண்ணைக்காரர் பங்கைக் கழித்து, மிச்சம்தான் உழுதவனுக்கு. தஞ்சாவூர்ப் பக்கம் வாரத்துக்கு உழுத குடும்பத்தில் பிறந்தவன் நான். களத்துமேட்டில் நெல் அளக்கும்போது என் தாத்தா எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

கோத்சே தெல்ச்சேவ் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார். 1872இல் குக்குஷ் என்ற ஊரில் பிறந்தவர், ஷ்டிப் ஊரில் பாடம் நடத்தியவர். கிராமம் கிராமமாக நடந்து ரகசிய அமைப்பு கட்டினார். 1903 மே மாதம் உதுமானியப் படையோடு நடந்த மோதலில் இறந்தார். அந்த ஆகஸ்டில் இலிந்தென் கிளர்ச்சி வெடித்தது. குருஷெவோ என்ற மலை ஊரில் ஒரு குடியரசே அறிவித்தார்கள், பத்து நாள் நின்றது. அடக்கிய பிறகு இருநூறு அளவில் கிராமங்கள் சாம்பல். வல்லரசுகள் சீர்திருத்தத் திட்டம் ஒன்று கொடுத்தன. வெளிநாட்டு அதிகாரிகள் வந்து சந்தையில் குதிரையில் சுற்றினார்கள், வாரக்குடிக்கு ஒன்றும் மாறவில்லை.

இவ்வளவுக்குப் பிறகு எல்லைக்கு அப்பாலிருந்து ஒரு படை வந்தால் அந்த உழவன் கதவைத் திறக்க மாட்டானா? திறந்தான். அதை நான் விடுதலை என்கிறேன்.

இன்னொன்று. நீங்கள் சொல்லும் அதே ரகசிய இணைப்பில், மாசிடோனியாவைத் தன்னாட்சிப் பகுதியாக அமைக்க முடிந்தால் அமைப்பது, முடியாவிட்டால்தான் பிரிப்பது என்று இருக்கிறது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

கடலோடி:

இருவரும் கிராமத்தைப் பேசுகிறீர்கள், நான் ஒரு நகரத்தைச் சொல்கிறேன். சரக்குக் கப்பலில் மூன்றாம் இன்ஜினியராக இருந்தபோது தெசலோனிக்கி துறைமுகத்தில் ஆறு நாள் கட்டிக்கிடந்தோம். துறைமுக வாசலிலிருந்து கடற்கரையோடு நடந்தால் வெள்ளைக் கோபுரம். மேலே ஏறினால் ரோமானியர் கட்டிய வட்டமான ரொட்டுண்டா, அதன் பக்கத்தில் ஒரு மினார். நகரத்தில் மிஞ்சிய மினார் அது ஒன்றுதான் என்று அங்கே டீ விற்றவர் சொன்னார். ஒரு காலத்தில் அந்த மலைச்சரிவு முழுக்க மினார்கள். ஏன் ஒன்றுதான் மிச்சம் என்று கேட்கப்போய்த்தான் இந்தப் போர்களைப் படிக்கத் தொடங்கினேன்.

1912இல் அதன் பெயர் சலோனிக்கா. ஊரில் ஒன்றரை லட்சம் பேர் அளவில். பெரிய சமூகம் துருக்கியர் கிடையாது, கிரேக்கர் கிடையாது, பல்கேரியர் கிடையாது. யூதர்கள், அறுபதாயிரம் பேர். 1492இல் ஸ்பெயின் விரட்டியபோது சுல்தான் இடம் கொடுத்து வந்தவர்களின் வாரிசுகள். நானூறு வருடம் கழித்தும் வீட்டில் பழைய ஸ்பானிஷ் பேசியவர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் அவர்கள்தான், அதனால் சனிக்கிழமை துறைமுகமே மூடிக்கிடக்கும். கப்பல்காரனுக்குத்தான் தெரியும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று. ஒரு நாள் தாமதத்துக்கே கம்பெனி உயிரை எடுக்கும். அங்கே உலகத்துக் கப்பல்களெல்லாம் அவர்களுடைய ஓய்வு நாளுக்காகக் காத்திருந்தன.

இந்த நகரம் எப்படிக் கைமாறியது பாருங்கள். கிரேக்க இளவரசர் கான்ஸ்டன்டைன் மொனாஸ்திர் பக்கம் போய் எதிரிப்படையை முடிக்கலாம் என்று நினைக்கிறார். பிரதமர் வெனிசெலோஸ் ஏதென்ஸிலிருந்து தந்திமேல் தந்தி அடிக்கிறார், உடனே சலோனிக்காவுக்குப் போ என்று. எதிரிக்குப் பயந்து இல்லை. வடக்கிலிருந்து பல்கேரியப் படைப்பிரிவு ஒன்று அதே ஊருக்கு ஓடிவந்துகொண்டிருக்கிறது. நவம்பர் 8 இரவு உதுமானியத் தளபதி தஹ்சின் பாஷா ஏறக்குறைய 26,000 வீரர்களோடு கிரேக்கர்களிடம் சரணடைகிறார். அது அந்த ஊரின் காவல் புனிதர் தெமெத்ரியோஸின் திருநாள், கிரேக்கர்களுக்கு அது தெய்வச் செயல். பல்கேரியப் படை பின்னாலேயே வந்து, நாங்களும் உள்ளே வர வேண்டும் என்கிறது. மழையில் நனைந்த வீரர்கள் ஓய்வெடுக்க என்று சொல்லி இரண்டு பட்டாலியனை விட்டார்கள், அதற்கு மேலும் உள்ளே வந்துவிட்டது. எட்டு மாதம் ஒரே ஊரில் இரண்டு படை, முறைத்துக்கொண்டு. 1913 ஜூன் முடிவில் அதே தெருக்களில் ஒருவரையொருவர் சுட்டார்கள்.

தெற்குவாசல் அண்ணா, அந்த அறுபதாயிரம் பேருக்கு எது விடுதலை? அவர்களில் பலர் எங்களை யாருக்கும் கொடுக்காதீர்கள், சர்வதேசத் துறைமுகமாக விட்டுவிடுங்கள் என்றுதான் கெஞ்சினார்கள். சரக்கு வந்துகொண்டிருந்த உள்நாடெல்லாம் புது எல்லைகளுக்கு அப்பால் போய்விட்டது.

படிக்கட்டு:

போட்டித் தேர்வுக்குப் படிப்பவன், ஒரு சந்தேகம். அவ்வளவு பெரிய பேரரசு எப்படி ஆறு வாரத்தில் சரிந்தது? எங்கள் புத்தகத்தில் "ஐரோப்பாவின் நோயாளி" என்று ஒரு வரிதான் இருக்கிறது.

மூன்றாம்மணி:

தம்பி, அந்த ஒரு வரியை மறந்துவிடு. நான் ராணுவத்தில் சப்ளைப் பிரிவில் இருந்தவன், எனக்குத் தெரிந்த கோணத்தில் சொல்கிறேன்.

1911 செப்டம்பரில் இத்தாலி லிபியாவைப் பிடிக்க இறங்கியது. ஒரு வருடமாக உதுமானியர் அதோடு மல்லுக்கட்டினார்கள். ஏமனில் கலகம், அங்கே படை போயிருந்தது. அல்பேனியாவில் 1910 முதல் வருடா வருடம் கலகம், 1912 ஆகஸ்டில் கலகக்காரர்கள் ஸ்கோப்யே ஊருக்குள்ளேயே வந்துவிட்டார்கள். தலைநகரில் ஜூலையில் அரசு கவிழ்ந்தது. அதிகாரிகளுக்குள் கட்சி பிரிந்து, ஒருவன் கட்டளையை இன்னொருவன் மதிக்காத நிலை. இதற்கு நடுவே பயிற்சி முடித்த பல்லாயிரம் வீரர்களைப் போருக்குச் சில வாரம் முன்புதான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அக்டோபர் 8ஆம் தேதி மாண்டிநீக்ரோ முதலில் போர் அறிவிக்கிறது. பத்து நாளில் மற்ற மூன்றும். இத்தாலியோடு சமாதானக் கையெழுத்து விழுந்தது அக்டோபர் 18. ஒரு தீயை அணைத்த கையோடு நான்கு பக்கமும் தீ.

பல்கேரியா 43 லட்சம் பேர் இருந்த நாடு, போர் முடியும் முன் ஏறக்குறைய 6 லட்சம் பேரைப் படைக்கு அழைத்தது. வயலில் கதிர் அறுக்கப் பெண்கள்தான் மிச்சம். உதுமானியருக்கு ஆள் உண்டு, ஆனால் அனத்தோலியாவிலும் சிரியாவிலும். அவர்களைக் கொண்டுவர ஒற்றைத் தண்டவாளம், இல்லாவிட்டால் கடல். கடலைக் கிரேக்கர்கள் பூட்டிவிட்டார்கள். 'அவேரோஃப்' என்ற ஒரே ஒரு கவசக் கப்பலின் பலத்தில் டிசம்பர் 16இல் எல்லி முனையிலும், ஜனவரி 18இல் லெம்னோஸ் அருகிலும் உதுமானியக் கப்பற்படையைத் தர்தனெல்ஸுக்குள் விரட்டினார்கள்.

இதில் போர் மந்திரி நாஜிம் பாஷா செய்த தவறு பெரியது. பின்வாங்கி நின்று ஆள் சேரும்வரை காக்க வேண்டும் என்று பழைய திட்டம் இருந்தது. அதை விட்டுவிட்டு, அரைகுறையாகக் கூடிய படையைத் தாக்கச் சொன்னார். அக்டோபர் 24க்குள் கிர்க்கிலிசேயில் பல்கேரியரிடமும் குமனோவோவில் செர்பியரிடமும் தோல்வி. அடுத்து லூலே புர்காஸ். சேற்றில் பீரங்கி வண்டி நகரவில்லை, வீரனுக்கு ரொட்டி வரவில்லை. ரொட்டி வராத படை மூன்றாவது நாள் படையே இல்லை. கூட்டமாகக் கிழக்கே நடந்தது. இஸ்தான்புல்லுக்குக் கொஞ்ச தூரத்தில் சத்தால்ஜா அரண்வரிசையில்தான் நின்றார்கள். அங்கே நவம்பர் 17, 18 தேதிகளில் பல்கேரியர் மோதித் தோற்றார்கள். காலரா இரண்டு பக்கமும் கொன்றது. நோயாளிகளைப் போட இடமில்லாமல் ஹாகியா சோஃபியா பள்ளிவாசலுக்குள்ளேயே கிடத்தினார்கள்.

"நோயாளி" என்று சொன்னால் தானாகச் செத்தான் என்று ஆகிவிடும். 1909க்கும் 1912க்கும் இடையே வேறு முடிவுகள் எடுத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய படை அது.

பாலாற்றங்கரை:

மூன்றாம்மணி சார் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். வல்லரசுகளின் வாக்கு. அக்டோபர் 8ஆம் தேதியே ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் எல்லா வல்லரசுகள் சார்பிலும் ஓர் அறிவிப்பு கொடுத்தன: போர் வந்தால், யார் ஜெயித்தாலும், உஸ்மானிய ஐரோப்பாவின் எல்லையை மாற்ற ஒப்ப மாட்டோம். துருக்கி ஜெயித்துவிடும் என்ற கணக்கில் சொன்னது. துருக்கி தோற்றதும் பேச்சு மாறியது. ஒரே மாதத்தில், நவம்பர் 9ஆம் தேதி லண்டனில் பிரிட்டிஷ் பிரதமர் அஸ்க்வித், ஜெயித்தவர்கள் இவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற பலனைப் பறிக்கக் கூடாது என்று பேசினார். வாக்குக் கொடுத்தவன் சாட்சியை மாற்றிச் சொன்னான்.

அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இந்திய முஸ்லிம்களுக்கு இது நெஞ்சில் தைத்த முள். காயம்பட்ட உதுமானிய வீரர்களுக்கு உதவிய செம்பிறைச் சங்கத்துக்கு நாடு முழுக்கக் காசு சேர்ந்தது. டாக்டர் அன்சாரி 1912 டிசம்பரில் டாக்டர்களையும் உதவியாளர்களையும் சேர்த்துக்கொண்டு பம்பாயில் கப்பல் ஏறி இஸ்தான்புல் போனார், காயம்பட்டவர்களுக்கு மருத்துவமனை நடத்தினார். பின்னால் காங்கிரஸ் தலைவரான அதே அன்சாரிதான். துருக்கி சுல்தானின் கலீபா பதவியைக் காக்க எழுந்த கிலாபத் இயக்கம் 1919இல் திடீரென்று முளைத்தது என்று எழுதுகிறவர்கள் இந்த ஏழு வருடத்தை விட்டுவிடுகிறார்கள்.

தெற்குவாசல், பதாக் பற்றி நீங்கள் சொன்னது உண்மை, அதை மறைக்க எனக்கு மனம் இல்லை. ஆனால் 1912 குளிரில் மாட்டுவண்டியில் பாய், பாத்திரம், பிள்ளைகளோடு கிழக்கே போன லட்சக்கணக்கான முஸ்லிம் குடியானவர்களும் உழவர்கள்தான். அவர்கள் எல்லோரும் பண்ணைக்காரர்கள் இல்லை. உங்கள் தாத்தா நின்ற அதே பக்கத்தில் நின்றவர்களும் அந்த வண்டியில் இருந்தார்கள்.

தெற்குவாசல்:

பாலாற்றங்கரை அண்ணன் கடைசியாகச் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வண்டிகளை நான் கணக்கில் எடுக்கவில்லை, உண்மை.

கடலோடிக்கு: சலோனிக்கா ஒரு விதிவிலக்கான நகரம். அதை வைத்து வர்தார் ஆற்றங்கரை உழவனை அளக்கக் கூடாது. அவனுக்குத் துறைமுகம் சனிக்கிழமை மூடினால் என்ன, ஞாயிற்றுக்கிழமை மூடினால் என்ன?

மூன்றாம்மணி சாருக்கு: பிழைத்திருக்கலாம் என்கிறீர்கள். பிழைக்க வாய்ப்பு வந்தது, அதை அவர்களே கெடுத்தார்கள். 1908 ஜூலையில் இளம் துருக்கியர் என்ற சீர்திருத்த அதிகாரிகள் கூட்டம் சுல்தானுக்கு எதிராகப் புரட்சி செய்து அரசியல் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது, மலையில் துப்பாக்கியோடு இருந்த மாசிடோனியக் கிளர்ச்சித் தலைவர் யானே சந்தான்ஸ்கி கீழே இறங்கி சலோனிக்கா தெருவில் அதிகாரிகளோடு கட்டித் தழுவினார். முல்லாவும் பாதிரியாரும் ரப்பியும் ஒரே வண்டியில் ஊர்வலம் போனார்கள். பாராளுமன்றத்தில் எல்லா இனத்தவரும் உட்கார்ந்தார்கள். ஒரே வருடத்தில், 1909இல், இனத்தின் பெயரால் அரசியல் சங்கம் வைக்கக் கூடாது என்று சட்டம். எல்லோரும் உதுமானியர் என்றால் எல்லோரும் துருக்கியர் ஆகுங்கள் என்று அர்த்தமாகிப் போனது. கை நீட்டியவன் கையைத் தட்டிவிட்டால் அவன் பக்கத்து நாட்டைத்தான் பார்ப்பான்.

பழையவரைபடம்:

1908 பற்றித் தெற்குவாசல் சொன்னது முழுக்கச் சரி. புரட்சிக்குப் பிறகு வந்த அந்தச் சில மாதங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் துக்கம்தான் வரும்.

தன்னாட்சிப் பிரிவைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், இணைப்பில் இருக்கிறது. படைகள் உள்ளே போன பிறகு அதை ஒருநாள்கூட யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. செர்பியா அட்ரியாட்டிக் கடல்வரை போய் ஒரு துறைமுகம் பிடிக்க நினைத்தது. ஆஸ்திரியாவும் இத்தாலியும் விடவில்லை. 1912 நவம்பர் 28இல் வ்லோராவில் இஸ்மாயில் கெமாலி அறிவித்த அல்பேனியாவை வல்லரசுகள் ஒப்புக்கொண்டன. கடல் போனது. அதற்கு ஈடாக மாசிடோனியாவில் கோட்டைத் தாண்டிப் பிடித்ததைத் தர மாட்டேன் என்றது செர்பியா. பல்கேரியா பத்திரத்தைக் காட்டியது. நான் சொன்ன பாகத்தகராறு இதுதான். என் வேலையில் இதே கதையை நூறு தடவை பார்த்திருக்கிறேன், ஒருவனுக்குக் கிழக்கே குறைந்தால் மேற்கே கல்லைத் தள்ளி நடுவான்.

சரி, பிடித்த பிறகு என்ன செய்தார்கள்? விடுதலை பெற்றவனுக்கு ஓட்டு இருக்க வேண்டும் அல்லவா. செர்பியாவின் 1903 அரசியல் சட்டம் புதிதாகப் பிடித்த மாசிடோனியாவுக்கும் கொசோவோவுக்கும் பொருந்தவில்லை. தனி ஆணைகள் வைத்து ஆண்டார்கள். சுல்தானின் பாராளுமன்றத்துக்கு 1908இல் உறுப்பினரை அனுப்பிய ஊர்கள் பெல்கிரேடு பாராளுமன்றத்துக்கு ஒருவரையும் அனுப்ப முடியவில்லை. ஒருவர் பெயர் ஸ்தோயனோவ் என்று முடிந்தால் அதை ஸ்தோயனோவிச் என்று எழுதச் சொன்னார்கள். கிரேக்கர் பக்கம் போனால் அதே பெயருக்குக் கிரேக்க வால். பல்கேரியப் பக்கம் ரொடோப்பி மலையில், பல்கேரிய மொழியே பேசிய முஸ்லிம்களான பொமாக்குகளைக் கூட்டம் கூட்டமாக நிறுத்தி ஞானஸ்நானம் கொடுத்துப் பெயரை மாற்றினார்கள், ஃபெஸ் தொப்பியைக் கழற்றி வேறு தொப்பி வைத்தார்கள். அந்த உழவனும் நீங்கள் சொன்ன உழவன்தான்.

"மக்கள்" என்று நாம் பேசுவதே அங்கே அவ்வளவு சுலபமாக இல்லை. 1870இல் சுல்தான் பல்கேரியருக்குத் தனித் திருச்சபை கொடுத்தபோது, ஓர் ஊரில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் விரும்பினால் அதில் சேரலாம் என்று விதி வைத்தார். அன்று முதல் ஓர் ஊரின் இனத்தைத் தீர்மானித்தது அந்த ஊர்ப் பாதிரியார் எந்தச் சபை என்பது. இரவில் ஆயுதக் கூட்டம் வந்து கதவைத் தட்டும், விடிந்தால் ஊர் கிரேக்க ஊர். அடுத்த மாதம் இன்னொரு கூட்டம், ஊர் பல்கேரிய ஊர். 1904 முதல் 1908 வரை மாசிடோனியாவில் கிறிஸ்தவன் கிறிஸ்தவனைக் கொன்றது இதற்காக. 1913 ஆகஸ்டில் அமெரிக்காவின் கார்னகி அமைதி அறக்கட்டளையின் விசாரணைக் குழு அங்கே போய்ப் பார்த்து அடுத்த வருடம் அறிக்கை கொடுத்தது. கொலையும் தீவைப்பும் செய்யாத படை ஒன்றுகூட இல்லை என்றுதான் அதைப் படித்தால் தெரிகிறது.

மூன்றாம்மணி:

அந்த அறிக்கையில் எதிர்னே பற்றி வருவதை நான் நேரில் போய்ப் பார்த்தேன். மகன் இஸ்தான்புல்லில் வேலையாக இருந்தபோது போயிருந்தேன், அங்கிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம்.

எதிர்னே கோட்டை ஐந்து மாதம் முற்றுகையில் இருந்து 1913 மார்ச் 26இல் பல்கேரியரிடம் விழுந்தது. முற்றுகைக்குச் செர்பியப் படையும் வந்திருந்தது. விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள், அப்போது அது உலகத்துக்கே புதிது. ஊர் நடுவில் உதுமானியக் கட்டடக் கலைஞர் சினான் கட்டிய செலிமியே பள்ளிவாசல். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் மாடத்தில் ஓரிடத்தில் வண்ணம் பெயர்ந்து ஒரு காயம். பல்கேரிய பீரங்கிக் குண்டு பட்டது, மறக்கக் கூடாது என்று பூசாமல் விட்டிருக்கிறார்கள் என்று அங்கே சொன்னார்கள்.

ஊரை ஒட்டித் துன்ஜா ஆற்றில் ஒரு தீவு, சராயிச்சி. இப்போது எண்ணெய் மல்யுத்தம் நடக்கும் இடம். சரணடைந்த உதுமானியக் கைதிகளை அந்தத் தீவில்தான் அடைத்தார்கள். உணவு கிடையாது. மரப்பட்டையை உரித்துத் தின்றார்கள், மரங்கள் ஆள் கை எட்டும் உயரம்வரை வெறும் கட்டையாக நின்றன என்று விசாரணைக் குழு எழுதியது. சப்ளைப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். கைதிக்கு ரேஷன் கொடுக்கக் கணக்கு எழுதியிருக்கிறேன். ஆற்றங்கரையில் அந்த மரங்களுக்குக் கீழே நிற்க முடியாமல் திரும்பி நடந்துவிட்டேன்.

இரண்டாம் போரில் பல்கேரியா கிரேக்கரோடும் செர்பியரோடும் மாட்டிக்கொண்டிருந்தபோது, ஜூலையில் உதுமானியர் சண்டையே இல்லாமல் எதிர்னேக்குத் திரும்பி வந்தார்கள். ருமேனியாவும் வடக்கிலிருந்து கிட்டத்தட்டத் தடையில்லாமல் சோஃபியா அருகே வந்துவிட்டது. ஆகஸ்ட் 10 புக்காரெஸ்ட் உடன்படிக்கையில் பல்கேரியா தலையைக் குனிந்து கையெழுத்துப் போட்டது.

தெற்குவாசல்:

அந்த மரப்பட்டையைப் பற்றிப் படித்துவிட்டு இரண்டு நாள் எழுத முடியவில்லை.

இருந்தாலும் என் கேள்வியை விட முடியாது. பெயரை மாற்றியது தப்பு, ஓட்டு கொடுக்காதது தப்பு. அதற்காக 1903இல் எரிந்த கிராமத்துக்காரனிடம் போய், நீ எழுந்ததே தப்பு, சுல்தானோடு இருந்திரு என்று சொல்வீர்களா? தெல்ச்சேவிடம் சொல்வீர்களா?

பழையவரைபடம்:

சொல்ல மாட்டேன். தெல்ச்சேவை நான் மதிக்கிறேன். அவர் கேட்டது மாசிடோனியாவுக்குத் தன்னாட்சி, எந்த நாட்டோடும் சேர்க்கச் சொல்லி அவர் அமைப்பு கட்டவில்லை. அவர் எழுந்ததையும் 1912இல் நான்கு ராஜாக்கள் படையோடு வந்ததையும் ஒரே வரியில் எழுதாதீர்கள் என்பதுதான் என் வழக்கு.

அவர் பிறந்த குக்குஷ் ஊர் என்ன ஆனது தெரியுமா? சலோனிக்காவுக்கு வடக்கே இருக்கிறது. 1903இல் உதுமானியப் படை அதை எரிக்கவில்லை. 1913 ஜூலை முதல் வாரத்தில் கிரேக்கப் படை பல்கேரியரை அங்கே தோற்கடித்தது. ஊரை எரித்தார்கள். பல்கேரிய மொழி பேசிய அந்த ஊரார் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வடக்கே ஓடினார்கள், திரும்பி வரவே இல்லை. இன்று அதன் பெயர் கில்கிஸ். தெல்ச்சேவின் எலும்புகள்கூட சோஃபியாவில் இருந்து, 1946இல்தான் ஸ்கோப்யே போய்ச் சேர்ந்தன. பிறந்த ஊருக்கு வரவில்லை.

தெற்குவாசல்:

குக்குஷ் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஊரின் பெயரை அவ்வளவு சுலபமாக எழுதியிருக்க மாட்டேன்.

ஆனால் அந்த ஊரார் ஓடியது எங்கே? பல்கேரியாவுக்கு. சுல்தானிடம் யாரும் திரும்பிப் போகவில்லையே ஐயா.

கடலோடி:

கிரேக்கமும் துருக்கியும் 1923இல் ஒப்பந்தம் போட்டு நடத்திய மக்கள் பரிமாற்றத்தில் சலோனிக்கா முஸ்லிம்கள் துருக்கிக்குப் போனார்கள். அங்கிருந்த கிரேக்கர்கள் இந்தப் பக்கம் கப்பலில் வந்து இறங்கினார்கள். குக்குஷில் காலியான வீடுகளின் இடத்தில் இப்போது குடியிருப்பவர்களின் பாட்டன்மார் பலரும் இப்படி எங்கிருந்தோ விரட்டப்பட்டு வந்தவர்கள்தான். எல்லோரும் தன் மொழி பேசும் ராணுவம் இருந்த பக்கம் ஓடினார்கள். அப்படி ஒரு ராணுவமே இல்லாதவர்கள் அந்தத் துறைமுகத்து யூதர்கள். அவர்கள் ஓடவில்லை, அங்கேயே இருந்தார்கள். 1943இல் ஜெர்மானியர் ரயிலில் ஏற்றி அவுஷ்விட்ஸுக்கு அனுப்பும்வரை. நாற்பத்தைந்தாயிரம் பேருக்கு மேல்.

நான் இறங்கிய நாள் சனிக்கிழமை. கிரேன்கள் காலை ஆறு மணிக்கே ஓடிக்கொண்டிருந்தன.